குப்பியில் விட்ட இடம்

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. தையல் கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது, இருந்தும் மெஷினை ஓரங்கட்டிவிட்டு இதை எழுதக் காரணம் அன்றைக்கு நீ போனில் அம்மாவிடம் சொன்னதுதான். "விட்டுடும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றாயே, அது. அவள் போனை வைத்துவிட்டு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முழு விஷயமும் உனக்குத் தெரியாது, எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன், தப்பிருந்தால் அவளிடமே கேட்டுத் திருத்திக்கொள். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் நம் உயிரணுக்கள் அதன்மேல் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுமாம். கிருமியும் லேசுப்பட்டதில்லை. அதற்குள் இரும்பு வைத்துக்கொண்டு ஒரு புரதம் காவல் இருக்கிறது, வாயு வந்து இரும்பில் ஒட்டியதும் அதற்கு உறைத்துவிடும், உடனே வாயுவை முறிக்கிற நொதியைக் கிருமி செய்ய ஆரம்பித்துவிடும். அம்மா தன் ஆய்வறையில் அந்த நொதியைச் செய்யவே முடியாத கிருமியை வளர்த்து, வாயு கரைத்த நீரை அதன்மேல் விட்டாள், அது சாகவில்லை. அப்படியானால் அதற்கு வேறொரு தற்காப்பு இருக்கிறது என்று கட்டுரை எழுதினாள், பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது. அவளுடைய ஆய்வறைக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு என்று பேச்சு வந்ததே அந்தக் கட்டுரையால்தான். பிறகு ஒருநாள் நொதி செய்யத் தெரிந்த சாதாரணக் கிருமியை அதே நீரில் போட்டுப் பார்த்தால் அது நொதியைச் செய்யக் கிளம்பவே இல்லை. அந்த நீரைக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டுமாம். இவள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே மூடி வைத்திருக்கிறாள், காலி இடத்தில் இருந்த காற்று பட்டு வாயு வேறாக மாறிவிட்டது. ஆபத்தே வராதபோது கிருமி எதற்கு எழுந்திருக்கும், எதற்குச் சாகும்?

நீட்டிப்பில் கையெழுத்தாகும் வரை வாயைத் திறக்காதீர்கள் என்று துறைத் தலைவர் சொல்லிப் பார்த்தார், நீயும் கிட்டத்தட்ட அதையே சொன்னாய். அவள் மறுநாளே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நீட்டிப்பு போயிற்று, மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்காக மூலையில் உட்காரவில்லை, சாவியைக் கொடுக்கிற வரை அறை என்னுடையது என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மதியச் சாப்பாடு நான்தான் கொண்டுபோனேன், உள்ளே வரக் கூடாதாம், வாசலோடு சரி. அவளை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நேற்று சாயந்திரம் கடைக்கே வந்துவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாம் செத்துப்போச்சுங்க" என்றாள். சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் பதறிப்போய் யார் யார் என்று கேட்டார். புதுத் தற்காப்பு எதுவும் இல்லை, நொதி இல்லாத கிருமி செத்துத்தான் போகும் என்று இப்போது தெரிந்துவிட்டது, அதையே எழுதப் போகிறாள். நான் வெட்டு மேசையில் பாதியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டேன். சீருடைகள் தரையில் கிடக்கின்றன, கிடக்கட்டும்.

இன்றே அவளுக்குப் போன் பண்ணு. அறை போனதைப் பற்றி ஆறுதல் சொல்லாதே, எத்தனை செத்தது என்று கேள், மற்றதை அவளே சொல்வாள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டை நின்றுகொண்டே விழுங்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மாவின் கட்சியில் சேர்ந்துவிட்ட
உன் அப்பா