மருந்து ரூம் வாசலில் நான் மீறிய சத்தியம்

என் பிரியமுள்ள வாத்தியாரே,

நேற்று ஆராதனை முடிந்து உங்கள் கல்லறைக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருப்பேன். உங்கள் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "பூவ நேரா வை தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் முன்னால் எதைப் பேசுவது? சபை இதழில் இரண்டு பக்கம் தருகிறேன் என்றார்கள், வாங்கிக்கொண்டேன். ஊரே படிக்கட்டும், பரவாயில்லை.

முதலில் நல்ல செய்தி. நம் மகள் ஜெனிக்கு மதுரையில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே ஒரு தாத்தாவுக்கு ஊசி போடப் பயந்தாளாம், அந்தத் தாத்தாதான் தைரியம் சொன்னாராம். அப்படியே அப்பாவை உரித்துவைத்திருக்கிறாய் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த செய்திக்குக் கோபப்படக் கூடாது. உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன்.

எந்தச் சத்தியம் என்று கேட்க மாட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் நடந்த ஒரே சண்டை அதுதானே? "எஸ்.ஐ. அம்மா, சம்பளம் வேலைக்குத்தான் குடுக்காக, உசுருக்கு இல்ல. அருவாளோட ஒருத்தன் நின்னா, ஆள் சேர்ற வரைக்கும் நீ ஒதுங்கி நிக்கணும்" என்பீர்கள். அப்புறம் காக்கி எதுக்கு என்று நான் கேட்பேன். கடைசியில் சாப்பாடு ஆறிப்போகிறதே என்று, தனியாக முன்னால் போக மாட்டேன் என உங்கள் டிபன் பாக்ஸ் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். அப்படிப் பயந்த நீங்கள் ஒரு சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டே மேஜையில் சாய்ந்துவிட்டீர்கள். ஆபத்தான வேலை என்னுடையது, போனது நீங்கள். இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் வேலை மும்முரமாக ஓடுகிறது. அங்கே மாடசாமி என்று ஒருவன், இருபது வருடமாக வெடிமருந்து கலக்குகிறவன். அவன் தங்கச்சியைப் புருஷன் அடித்துக் கையை ஒடித்துவிட்டான். அந்தப் புருஷனும் அதே கம்பெனியில்தான் வேலை. ஒரு நாள் மத்தியானம் மாடசாமி பின்பக்க வேலியைத் தாண்டி அரிவாளோடு வந்துவிட்டான். மாப்பிள்ளை பயந்து ஒரு மருந்து ரூமுக்குள் ஓடி ஒளிந்தான். எந்த ரூம் என்று தெரியாமல் மாடசாமி வெளியே தேடி அலைந்தான்.

போன் வந்தது. நானும் கான்ஸ்டபிள் முருகேசனும் போய் இறங்கினோம். சாத்தூரிலிருந்து ஆட்கள் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். மாப்பிள்ளை ஒளிந்த ரூமில் வேலை செய்த மற்ற பெண்கள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். பொன்னுத்தாயி என்கிற அம்மா மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். "முட்டுவலிக்காரி மேடம், எந்திரிக்க மாட்டா" என்றார் போர்மேன். துப்பாக்கியை எடுக்கவே முடியாது. அரிவாள் தரையில் உரசி ஒரு பொறி விழுந்தாலும் ரூம் இருக்காது.

"ஆள் வரட்டும் மேடம். நமக்கும் பிள்ள குட்டி இருக்கு" என்றார் முருகேசன். அப்படியே உங்கள் குரல், வாத்தியாரே. அவரை மற்ற ரூம்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்துக்கொண்டார். "எம்புட்டு அவசரம்னாலும் இரும்போட உள்ள விட மாட்டேன், கோவிச்சுக்கிடாதீக." பெல்ட், பூட்ஸ், துப்பாக்கி, போன், கொண்டை ஊசி வரைக்கும் கழற்றி வாங்கி முருகேசன் கையில் கொடுத்தார்; அவர் வேலிக்கு வெளியே நின்றே மற்ற ரூம்களுக்குக் குரல் கொடுத்தார். அந்த வெயிலில் வெறுங்காலோடு, தலைமுடி அவிழ்ந்து, குதித்துக் குதித்து ஒரு போலீஸ் போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிரித்தே செத்திருப்பீர்கள்.

அதற்குள் மாடசாமி அந்த ரூம் வாசலுக்கு வந்துவிட்டான். எனக்கோ பயம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாட்ச்மேன் என்னிடம் சொன்னதுதான் வாயில் வந்தது.

"ஏலே மாடசாமி, இரும்போடயா மருந்து ரூமுக்குள்ள போற? கீழ வைலே."

அவன் கையைப் பார்த்தான். குனிந்தான். அரிவாளை வாசல் மணலில் பதமாக வைத்தான். வழக்கம்போல நிலையருகே இருந்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி, உடம்பிலிருக்கும் கரண்ட்டை இறக்கிவிட்டு, உள்ளே போனான்.

நான் ஓடிப்போய் அரிவாளை எடுத்துக்கொண்டேன். உள்ளே அவன் கையை ஓங்கி, அது வெறுங்கை என்று அப்போதுதான் கண்டான். அவன் மாப்பிள்ளையும் அந்தக் கையைப் பார்த்தான். பொன்னுத்தாயிதான் முதலில் சிரித்தாள். மாடசாமி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். "இரும்ப எப்படி மேடம் உள்ள கொண்டு போறது? அத்தன சனம் இருக்கே" என்று என்னையே கேட்டான். அவனைக் கைது பண்ணினேன். தங்கச்சியும் தைரியமாகப் புகார் கொடுத்தாள், மாப்பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றினேன்.

சாமர்த்தியமாகப் பேசி மடக்கினேனாம், எல்லோரும் மெச்சுகிறார்கள். நான் யோசித்துப் பேசவில்லை என்றால் யார் நம்புகிறார்கள்? இன்ஸ்பெக்டர் மட்டும் தனியாக ஏன் போனாய் என்று ஒரு மணி நேரம் திட்டினார். முருகேசனைத்தான் பூட்ஸ் பிடித்த போலீஸ் என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள். "நான் போயிருக்கணுமா மேடம்?" என்று கேட்டார். நீங்கள் எட்டு ரூமைக் காலி பண்ணினீர்களே, அதுவும் வேலைதான் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே அது முழுசாக ஒட்டவில்லை. சாகத் துணிந்தே தீர வேண்டும் என்று ரெண்டு பிள்ளைக்காரரிடம் எந்த வாயால் சொல்வது?

போன வாரம் பொன்னுத்தாயி சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். காபி குடித்துக்கொண்டே கேட்டேன், முட்டுவலி இப்போது எப்படி, அன்றைக்கு எழுந்திருக்கவே முடியவில்லையா என்று.

"யாரு சொன்னா? எந்திரிச்சு ஒரு கால வெளிய வச்சுட்டேன் மேடம். அப்பத்தான் கேட்டுக்கிட்ட ஜீப்புல இருந்து நீங்க எறங்குறதப் பாத்தேன். போலீஸ் வந்தாச்சு, இனி என்னத்துக்கு ஓடணும்னு திரும்ப உக்காந்துட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடச் சண்டையில் நீங்களும் இதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பித்திருக்க வேண்டியவள் என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்டிலேயே நின்றிருந்தால்?

ஆகையால் பழைய சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்று தருகிறேன். காத்திருக்க முடிந்த இடத்தில் காத்திருப்பேன். வீம்புக்கு முன்னால் போக மாட்டேன். ஆனால் என்னை நம்பி ஒரு உயிர் ஓடாமல் உட்கார்ந்துவிட்டால், அதைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

இப்படிக்கு,
பயந்துகொண்டேதான் போன உங்கள் சம்சாரம்,
எஸ்தர்