எருமை முதுகில் பஞ்சு

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று மதியம் கம்பெனி கேன்டீனுக்கே வந்துவிட்டான் பிரபாகர். மேழி அறக்கட்டளையின் இப்போதைய செயலாளர். முப்பது வயதுகூட இருக்காது. செப்டம்பரில் அறக்கட்டளைக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறதாம். விழா மலர் போடுகிறார்கள். அதற்கு அறக்கட்டளையின் வரலாற்றை நான் எழுதித் தர வேண்டுமாம்.

"நான் அங்கிருந்து துரத்தப்பட்டவன். தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க சார். ஆனா ஆரம்பத்துல இருந்தவங்கள்ல எழுதத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானுங்க. மத்தவங்க எல்லாம் கையெழுத்து மட்டுந்தான் போடுவாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை. இருபத்தொரு வருடமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

தீர்மானப் புத்தகங்கள் பதினொன்றும் இரண்டு பெட்டி காகிதங்களும் ஆட்டோவில் வந்து இறங்கின.

முதல் புத்தகம் முழுக்க என் கையெழுத்து. 2000 செப்டம்பர். ஏழு பனியன் முதலாளிகள், தலைவர் பொங்கியண்ணன். லாபத்தில் ஒரு பங்கைச் சுற்றுப்பக்க விவசாயத்துக்குக் கொடுப்பது. அதிலும் விளைந்ததை மூட்டையாக விற்காமல் அங்கேயே உடைத்து, ஆட்டி, காயவைத்து விற்கிற சின்னத் தொழில்களுக்கு மட்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதில்லை. வாங்கியவர்கள் வருடக் கூட்டத்தில் எழுந்து நின்று என்ன செய்தோம் என்று பேச வேண்டும், அவ்வளவுதான். அந்த நிபந்தனை என் யோசனை. புத்தகத்தில் என் பெயர் இல்லை. நான்தான் எழுதினேன், ஆனாலும் இல்லை.

அவிநாசியில் கடலை உடைக்கும் மெஷின். அப்புறம் ஒரு மரச்செக்கு. 2003 ஜனவரியில் குன்னத்தூர்ப் பக்கம் முருங்கைத்தழை உலர்த்திப் பொடியாக்கும் கூடம், பதினாலு பெண்கள். இரண்டாவது புத்தகத்தில், 2004 பிப்ரவரியில், வேறொருவர் கையெழுத்தில் இந்த வரி:

"திட்ட அலுவலர் இடத்தைச் சரிவர ஆய்வு செய்யாததால் குன்னத்தூர்த் திட்டம் கைவிடப்படுகிறது." கீழே பொங்கியண்ணன்.

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியம் என்ன? திட்ட அலுவலர் என்று இருந்தவன் ஒருவன்தானே. அதற்குப் பிறகு விவசாயத்தில் எவனும் எனக்கு வேலை தரவில்லை. எம்.எஸ்ஸி. அக்ரி, தங்கப் பதக்கம். இப்போது ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆடிட்டர் வரும்போது கழிவறை எத்தனை, தீயணைப்பான் எத்தனை என்று காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15

பெட்டிகளைப் பார்த்துவிட்டு என் மனைவி சாரதாமணி ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதல்ல.

ஜூன் 29, ஞாயிறு

நாற்பது பக்கம் ஆகிவிட்டது. முதல் மூன்று வருடம் தடையில்லாமல் ஓடியது. குன்னத்தூர் வந்ததும் பேனா தானாகவே அழுத்தி எழுதுகிறது.

நடந்தது இதுதான். கூடம் கட்டிய மானாவாரிக் காடு பொங்கியண்ணனின் மச்சானுடையது. அங்கேதான் கட்ட வேண்டும் என்று சொன்னவர் பொங்கியண்ணன். தையிலிருந்து வைகாசி வரை ஒரு குறையுமில்லை. தழை ஒரே நாளில் பச்சை மாறாமல் காய்ந்தது. ஆனியிலும் ஆடியிலும் அரைத்த பொடி சென்னை வழியாக ஜெர்மனி போய், அப்படியே திரும்பி வந்தது. பொடியில் நூல் இழை. மேற்கே அரைக் கிலோமீட்டரில் பனியன் கழிவை அரைத்துப் பஞ்சாக்கும் மில் ஒன்று இருந்தது. ஆடிக்காற்று அந்தப் பஞ்சைக் கொண்டுவந்து ஈரத்தழையில் ஒட்டிவிட்டது. மச்சான் காடு என்பதால் இடத்தைப் பற்றி என்னால் வாயே திறக்க முடியவில்லை. பழி மட்டும் எனக்கு. இதை இப்படியே எழுதினேன்.

சாரதாமணி காபி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மறுபடியும் அந்த ஒரு வரிதானா? ரேஷன் கார்டைக்கூட நீங்க இத்தன தடவ எடுத்துப் பாத்ததில்லீங்க."

சாட்சி ஒன்று வேண்டும். அந்தப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த மயிலாள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

குன்னத்தூர் போய்வந்தேன். ஆடி பிறந்து நாலு நாள். பஸ் ஜன்னலை மூடினாலும் காற்று உள்ளே வருகிறது.

மயிலாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். தகரக் கொட்டகையில் ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து முருங்கைத்தழை உருவிக்கொண்டிருந்தார். தொழிலை விடவே இல்லையாம். அறக்கட்டளையிடம் மறுபடி போய் நிற்கவும் இல்லையாம்.

"அட, நம்ம முருங்கை ஆப்பீசருங்களா? தலையெல்லாம் நரைச்சு அடையாளமே தெரியலீங்க. ஊட்டுல அக்கா நல்லா இருக்காங்களா? உக்காருங்க."

வந்த காரியத்தைச் சொன்னேன். பொங்கியண்ணன் சொன்னதால்தான் அந்த இடம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்குமே என்று கேட்டேன்.

"இடத்துல என்னுங்க இருக்குது? இடம் நல்ல இடந்தான். வலை அடிக்கற பக்கத்த மேக்கால வெக்காதீங்கன்னுதானுங்களே சொன்னேன். மூணு பக்கமும் செவுரு, மேக்கால மட்டும் வலைன்னா பஞ்சு பூராம் உள்ளதான வரும்?"

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"உங்ககிட்டத்தானுங்க. வேற யாரு வந்தாங்க?"

அவரே தொடர்ந்தார்.

"எருமையப் புடிச்சாந்து காட்டுனனுங்களே. காலைல கழுவிக் கட்டுனா சாயந்தரத்துக்குள்ள முதுகு வெள்ளையாயிரும். கைய வெச்சுத் தடவி எடுத்து உங்க முன்னால நீட்டுனேன். நீங்க நோட்டுல என்னமோ எழுதுனீங்க. சரி, எழுதிக்கிட்டாரு, பாத்துக்குவாருன்னு நானும் உட்டுட்டேன்."

பக்கத்தில் இருந்த அன்புசெல்வி என்ற பெண் தலை நிமிராமல் சொன்னாள்: "அக்கா சொன்னதயும் கேக்கல, எருமை சொன்னதயும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. பழைய வேடிக்கை போலிருக்கிறது, பலமுறை சொல்லிச் சிரித்தது.

அவர்களுடைய கொட்டகையில் வலை கிழக்குப் பக்கம்.

ஜூலை 21

வயதாகிவிட்டது அந்த அம்மாவுக்கு. ஞாபகம் குழம்பியிருக்கும்.

ஜூலை 26, சனி

இரண்டாவது பெட்டியின் அடியில் என் பழைய கள நோட்டுகள் இருந்தன. வேலை போனபோது அங்கேயே போட்டுவிட்டு வந்தவை. வேண்டாம் என்று நாலு நாள் தொடாமல் இருந்தேன். இன்று தொட்டேன்.

2002 ஜூன் 18. குன்னத்தூர். அழகான கையெழுத்து அப்போது எனக்கு.

"இடம் மேடு. தண்ணீர் தேங்காது. மேற்கிலிருந்து நல்ல காற்று. வலைப்பக்கம் மேற்கு பார்த்து இருந்தால் தழை ஒரே நாளில் காயும். மயிலாள் எருமை பற்றி ஏதோ சொன்னார். சம்பந்தமில்லை."

சம்பந்தமில்லை.

அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடு வேறு. ஏன் கோடு போட்டேன்? அவ்வளவு எரிச்சலா? அந்த வருட மே மாதம்தான் பொங்கியண்ணன் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "நெசவுக்காரர் ஊட்டுப் பையன், காட்டப் பத்தி என்ன தெரியும், படிச்சதுதான் தெரியும்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சூடு. காடு தெரிந்த ஒருத்தி அடுத்த மாதமே எதிரில் வந்து நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் — அதுதான். அது மட்டுமா?

இல்லை. யோசித்துப் பார்க்கிறேன். அவர் கையை நீட்டியிருப்பார், நான் பார்த்துமிருப்பேன். பார்த்தால் என்ன? தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன் நான். சோற்றில் பஞ்சு, கண் இமையில் பஞ்சு, பூஜை அறையில் முருகன் படத்துக் கண்ணாடியில் பஞ்சு. பொங்கியண்ணன் உட்பட அந்த ஏழு பேரும் பனியன் கம்பெனிப் பஞ்சிலேயே வாழ்ந்தவர்கள். எட்டுப் பேர் சேர்ந்து முடிவு செய்தோம். எட்டுப் பேருக்கும் பஞ்சு ஒரு பொருளாகவே தெரியவில்லை. தெரிந்தது அந்த அம்மா ஒருவருக்குத்தான். நான் அதை நோட்டில் எழுதி, கோடும் போட்டு, மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

ஒரு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. நோட்டைப் பார்த்தவன் நான் மட்டும்தான். திரும்பப் பெட்டியில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் நாற்பது பக்கமும் அப்படியே நிற்கும். மச்சான் காடு என்பது பொய்யில்லையே.

மாடிக்குப் போனேன். எங்கள் மண்ணரைப் பகுதி முழுக்க எல்லா மொட்டைமாடிக் கொடியிலும் துணி. என் கறுப்புப் பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. கையால் தடவினேன். விரலில் வெள்ளை.

"இது எப்பவும் இப்படியா?" என்று சாரதாமணியிடம் கேட்டேன்.

"எது, பஞ்சா? தெனமும் உதறித்தானுங்க மடிக்கறேன். ஏன், இன்னிக்குத்தான் பாக்கறீங்களா?"

இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உட்கார்ந்து குன்னத்தூர்ப் பகுதியை முதலிலிருந்து மாற்றி எழுதினேன். எருமையில் தொடங்குகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பொங்கியண்ணன் வரச்சொல்லியிருந்தார். பிரபாகரிடம் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டார். எழுபத்தாறு வயது. கேட்காமலே சர்க்கரை போடாத காபி வந்தது. ஞாபகம் வைத்திருக்கிறார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"அருளு, இந்த எருமைச் சமாச்சாரம் எதுக்குங்க? 'நான், அருள்செல்வன்'னு பேரு வேற. அன்னிக்கே உங்க பேரு போட வேண்டாம்னு சொன்னவன் நான். 'அலுவலர்'னு எழுதுனாப் போதும்னேன்."

"அலுவலர் ஒருத்தர்தானுங்க இருந்தார்."

அவர் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார். "எம் மச்சான் காடுங்கறதையும் போட்டிருக்கீங்க."

"நெசந்தானுங்களே."

"நெசந்தான். ரெண்டையும் எடுத்துரலாமுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

இருபத்தொரு வருடம் முன்னால் இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"எடுக்க வேண்டாமுங்க. ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். "இன்னொண்ணு. கைவிட்டுப் போன திட்டக்காரங்கள ஒரு வருசங்கூட நாம பேசக் கூப்பிட்டதில்லீங்க. இந்த விழாவுல அவங்களும் பேசணும். இல்லீன்னா வேற யாரையாவது வெச்சு எழுதிக்குங்க."

அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். "நீங்க அப்பவே இந்த மாதிரி நின்னு பேசியிருக்கலாம்" என்றார்.

பாராட்டா, குத்தலா? வழி நெடுக யோசித்தேன். அந்த மனிதரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

பிரபாகர் போன் செய்தான். "அப்படியே அச்சுக்குப் போகட்டும்னு ஐயா சொல்லிட்டாருங்க சார்."

செப்டம்பர் 14, ஞாயிறு

விழா. மரச்செக்குக்காரர், கடலை மெஷின்காரர், மஞ்சள் பொடி அரைப்போர் சங்கம், எல்லோரும் பேசினார்கள். நீளமாகப் பேசினார்கள். பொங்கியண்ணனைப் பற்றியே பேசினார்கள்.

கடைசியில் மயிலாளைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்காமல் தள்ளி நின்றே பேசினார்.

"நடந்தத ஆப்பீசரு புஸ்தகத்துல எழுதிட்டாருங்க. எம் பேத்தி படிச்சுக் காட்டுனா, சரியாத்தான் இருக்குது. நான் மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. பொடி கொண்டாந்திருக்கேன், வேணுங்கறவங்க வாங்கிக்குங்க."

சரியாத்தான் இருக்குது. தங்கப் பதக்கத்தன்று என்னைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினார்கள். அதில் ஒரு வார்த்தையும் ஞாபகமில்லை.

கொண்டுவந்த பாக்கெட் அத்தனையும் விற்றுவிட்டது. பொங்கியண்ணன் இரண்டு வாங்கினார். சாரதாமணி நாலு.

செப்டம்பர் 20, சனி

காலையில் மயிலாள் போன். அவிநாசி போகிற வழியில் பெரிய இடம் ஒன்று குத்தகைக்கு வருகிறதாம். பிரபாகரே தேடிப் போய், அறக்கட்டளை கூடம் கட்டித் தருகிறது என்று சொல்லியிருக்கிறான். சுற்றிலும் என்னென்ன மில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லையாம்.

"நீங்க ஒருக்கா வந்து பாருங்க. காத்து நிக்கறதுக்குள்ள வந்தாத்தானுங்க தெரியும். எருமை இப்ப இல்லீங்க, செத்து வருசமாச்சு."

சாயந்தரம் கட்டிங் செக்‌ஷனில் போய் ஒன்றரை மீட்டர் கறுப்புத் துணி கேட்டேன். கட்டிங் மாஸ்டர் தங்கதுரைக்கு ஆச்சரியம்.

"பேன்ட் தைக்கறீங்களா சார்? இது பனியன் துணியாச்சே."

"காயப்போட" என்றேன்.

திங்கள்கிழமை லீவு சொல்லியாயிற்று. விடிந்ததும் அந்த இடத்தில் துணியைக் கட்டிவிட்டுச் சாயந்தரம் வரை அங்கேயே இருக்க வேண்டும். புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.