திங்கட்கிழமை ஆறரைக்கு வெளிக்கிட வேணும்

அண்ணை,

இன்று விடியவே வதனி ஆள் பிடித்து வேலிக் கிளுவை மரங்களைக் கொப்பு வெட்டுவித்தாள். உங்கள் மகள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வெட்டின கொப்புகளை ஒழுங்கையில் குவித்திருந்தார்கள். நான் கடையால் வரும்போது அந்தப் பச்சை மாங்காய் வாசம் மூக்கில் அடித்தது. வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். ஒரு கொப்பையும் நான் தொடவில்லை. என்றாலும் கழுவினேன்.

நான் சொல்லச் சொல்ல என் மனிசி எழுதுகிறாள். நீங்கள் போன பிறகு என்னுடைய வாசிப்பும் எழுத்தும் அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

“செத்த மனுசனுக்குக் கடிதமோ? இதை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?” என்று கேட்டாள்.

“நீ எழுது. நான் சொல்லுறன்.”

விசயம் இதுதான். வதனியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. உங்கள் காணியையும் வீட்டையும் பிள்ளைக்குச் சீதனமாக எழுதவேண்டும். காணியின் பழைய உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் துலைந்து போனது உங்களுக்குத் தெரியும். எல்லை தெரிந்த ஒரு பழைய அயலவன் சத்தியக்கடதாசியில் கைநாட்டு வைத்தால்தான் புது உறுதி எழுதலாம் என்று யாழ்ப்பாணத்து நொத்தாரிசு சொல்லிவிட்டார். இந்தப் பருத்தித்துறைக் கடற்கரையில் உங்கள் காணியின் எல்லை தெரிந்தவன் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் அங்கே நிற்கவேண்டும்.

நேற்றுப் பின்னேரம் வதனி கையில் போனும் கடதாசியுமாக வந்தாள். கார் அவளே ஓடுவாள்.

“மாமா, திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்குது. அதுக்கு முதல் வெளிக்கிட வேணும். ஏழு மணி எண்டால் நெல்லியடியிலை பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குள்ளை மாட்டுப்படுவம். அதாலை ஆறரை.”

“யாழ்ப்பாணத்துக்குத்தானே பிள்ளை போறியள்? கொழும்புப் பயணம் மாதிரியல்லோ கிடக்கு,” என்றாள் மனிசி.

“போன் ஒரு மணித்தியாலம் காட்டுது மாமி. வல்லையிலை முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்த ஒரு பத்து நிமிசம். மாமாவுக்குத் தேத்தண்ணி குடிக்க வேணுமெண்டால் நீர்வேலியிலை நிப்பாட்டலாம். அதுக்குமேலை நான் ஒரு இடமும் நிப்பாட்ட மாட்டன்.”

“மாமா சலம் போக வேணுமெண்டால்?”

“அதுக்கும் வல்லைதான்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கடதாசியை விரித்து வாசித்தாள். “நான் அறிந்த நாள் முதலாக மேற்படி வேலி தற்போது உள்ள இடத்திலேயே இருந்து வருகிறது. கிணறு முழுவதும் மேற்படி காணிக்குள் அடங்கியதாகும்.”

“இன்னொருக்கா வாசி பிள்ளை.”

“என்ன மாமா, விளங்கேல்லையோ?”

“விளங்கினபடியால்தான் கேக்கிறன்.”

அதைப் பகிடியென்று நினைத்துக்கொண்டு அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அண்ணை, அந்தக் கிளுவைகள் இப்போது என் தொடையளவு மொத்தம். பார்க்கிறவர்கள் பாட்டன் காலத்து வேலி என்றுதான் சொல்வார்கள். நில அளவைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். அவற்றைக் கதியால் தடிகளாக வெட்டி நட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும் என்பது அந்த மரங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இடம்பெயர்ந்த சனத்தை ஆமி கடற்கரைப் பக்கம் திரும்ப இருக்க விட்ட முதல் மாதம் அது. ஒழுங்கை தெரியாமல் பற்றை. வேலி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றை மட்டும் கண்டோம். தூர்ந்து கிடந்ததை இரண்டு நாள் இறைத்து, மூன்றாம் நாள் அள்ளிக் குடித்தீர்கள். சுற்றிவர எல்லாக் கிணறும் உவர். இது மட்டும் இளநீர் மாதிரி. குடித்துவிட்டு வாளியைப் பிடித்தபடி கன நேரம் நின்றீர்கள்.

அது பங்குக் கிணறு. பழைய வேலி கிணற்றின் ஒரு பக்கத்தில் வந்து நின்று மற்றப் பக்கத்தில் தொடங்கும். பாதி உங்களுக்கு, பாதி அடுத்த வளவுப் பூரணமக்கா வீட்டுக்கு. இரண்டு வீட்டுக்காரரும் தங்கள் தங்கள் பக்கத்தில் நின்று அள்ளுவார்கள், கதைப்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள். அவர்கள் அப்போது வன்னியில். உயிரோடு இருக்கிறார்களோ என்றுகூட ஒரு கதையும் வரவில்லை.

கயிற்றின் ஒரு தலைப்பை என் கையில் தந்து, “அங்காலை போ” என்றீர்கள். நான் கிணற்றடியில் நின்றேன். “இன்னும் போ.” போனேன். கிணற்றின் நடுவில் இருந்து நாலு எட்டு, பூரணமக்காவின் வளவுக்குள்.

“அண்ணை, இது அவையின்ரை பக்கமல்லோ?”

“தெரியும். இப்ப ஆரும் இல்லைத்தானே. அவை வந்தால் குடுப்பம்.”

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை இழுத்துப் பிடித்தேன். நீங்கள் அலவாங்கால் குழி போட்டீர்கள். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு கதியால். அடுத்த மாரியோடு எல்லாம் தளிர்த்துவிட்டது.

உங்களை எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வராததற்குக் காரணம் பயம் இல்லை. ஒரு வள்ளத்தில் இருபத்தேழு வருசம் தொழிலுக்குப் போனோம். என் பெயரில் வந்த ஒவ்வொரு கடதாசியையும் நீங்கள்தான் வாசித்தீர்கள். பெட்டிக்கடையில் ஒருவன் வள்ளத்துப் பத்திரம் என்று ஒன்றை நீட்ட, நான் பெருவிரலில் மையைப் பூசிவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்ததில் என் சேட்டு முழுவதும் மை. “விசரா, வாசிச்சுக் கேக்காமல் விரலை வைக்கிறியோ? இதிலை உன்ரை வள்ளத்தை அவனுக்கு எழுதிக் கிடக்கு!” அன்றைக்கு நீங்கள் வராவிட்டால் எனக்குத் தொழில் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வேலியை அயல் வளவுக்குள் அரக்கினார் என்று என் மனம் ஏற்கவில்லை. வந்தால் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டு வருசத்துக்குப் பிறகு பூரணமக்கா வந்தா. தனிய. மனுசன் வன்னியிலேயே செத்துப்போனார். கையில் ஒரு பை; அதற்குள் ஒரு கடதாசியும் இல்லை. நீங்கள் உங்கள் ஆட்களை விட்டு அவவின் வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்தீர்கள், கொட்டில் போட்டுக் கொடுத்தீர்கள். “தண்ணிக்கு யோசியாதையுங்கோ அக்கா, எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ” என்றீர்கள். எங்கடை கிணறு. நான் பக்கத்தில் கிடுகு தூக்கிக்கொண்டு நின்றேன். என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவ குடத்தோடு வந்து உங்கள் படலையில் நின்று, “தண்ணி அள்ளவோ?” என்று கேட்டுத்தான் உள்ளே வருவா. நீங்கள் இருந்தபோதும் கேட்டா. இப்போது வதனியிடமும் கேட்கிறா.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உங்களுக்கும் நான் சொல்லவில்லை. வந்த கொஞ்ச நாளில் அவ என்னைத் தேடி வந்தா. இந்த ஊரில் யாருடைய பாட்டன் எந்தப் பனையை வெட்டினான் என்று கேட்பதற்கும் என்னிடம்தான் வருவார்கள். படித்தவனும் வருவான்.

“தம்பி, உனக்கு நினைவிருக்குமே. கிணத்தடியிலை வேலி எப்பிடி நிண்டது?”

“எனக்கு ஞாபகமில்லை அக்கா” என்று சொன்னேன்.

அவ என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “சரி தம்பி” என்று போய்விட்டா. என் வாழ்க்கையில் எனக்கு ஞாபகமில்லை என்று நான் சொன்னது அந்த ஒரேயொரு முறைதான்.

இந்த இடத்தில் மனிசி பேனையை வைத்துவிட்டாள். நாற்பத்தொன்பது வருசமாக என்னோடு இருக்கிறவளுக்கும் இது தெரியாது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“வதனி வீட்டிலை இல்லாத நாளிலை படலை பூட்டிக் கிடக்கும். அப்ப அந்த மனிசி எங்கடை உவர்த் தண்ணியை அள்ளிக்கொண்டு போறது. எத்தினை தரம் போயிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எழுதினது காணும். எழும்பிப் போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ. அவள் பெற்றோல் அடிச்சு, காரிலை ஏத்திக்கொண்டு போய் நொத்தாரிசுக்கு முன்னாலை இருத்தின பிறகு சொல்லுற கதையில்லை இது.”

நான் வேறு ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன் அண்ணை. காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்று. அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை; மிச்சத்தை இந்த இரவில் எழுதும்போதுதான் அவளும் அறிகிறாள். சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

வதனி காரைக் கழுவிக்கொண்டு நின்றாள். சில்லுக்கு வைக்க எலுமிச்சம்பழம் நாலு, கற்பூரம், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். “மாமாவுக்கு இப்பவே அவசரமோ? நாளைக்கல்லோ பயணம்” என்று சிரித்தாள்.

நான் நின்றபடியே சொன்னேன். கயிறு, நாலு எட்டு, முப்பத்தொரு கதியால். சுற்றி வளைக்கவில்லை.

தண்ணீர்க் குழாய் அவள் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்கடை அப்பாவோ மாமா?”

“ஓம் பிள்ளை. கயிறு பிடிச்சது நான்.”

“அவர் கண்ணை மூடி நாலு வருசம். இப்ப வந்து அவரிலை பழியைப் போடுறியளோ?”

“அவர் இருக்கேக்கை சொல்லியிருக்க வேணும். எனக்கு வாய் வரேல்லை. அது என்ரை பிழை.”

“மாப்பிள்ளை பகுதி கிணத்தைப் பாத்துத்தானே ஓமெண்டவை. இப்ப நான் போய் என்னெண்டு சொல்லுறது? அப்பா களவெடுத்த கிணறெண்டோ?”

“பங்குக் கிணறெண்டு எழுதுங்கோ பிள்ளை. தண்ணி உங்களுக்கும் குறையாது. எங்கடை ஊரிலை எத்தினை உறுதியிலை அப்பிடித்தானே கிடக்கு.”

“நாளைக்கு நீங்கள் வரவேண்டாம்.” குழாயை நிலத்தில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். கதவு அடிபட்ட சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டதாம்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். மனிசி தேத்தண்ணி வைத்துத் தந்தாள். உங்கள் பேத்தியின் கலியாணத்தைக் குழப்பிவிட்டேனோ என்றுதான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அந்தப் பிள்ளை பிறந்தபோது நீங்கள் சந்தியில் நின்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தவர். நாளைக்கு அது அழுதால் நான்தான் காரணம். இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தேன். உங்கள் வீட்டில் ஆள் நடமாடுகிற ஒரு அசுமாத்தமும் இல்லை.

பொழுதுபடும் நேரம் மனிசியின் போன் அடித்தது. வதனிதான். சத்தத்தை எனக்கும் கேட்கக்கூடியதாக வைத்தாள்.

“மாமி, பூரணம் மாமிக்குக் கார் ஒத்துவராதெல்லோ? சத்தி எடுக்கிறவ.”

“ஓம் பிள்ளை, பஸ்ஸிலையும் அப்பிடித்தான்.”

“அப்ப அவ முன்சீற்றிலை இருக்கட்டும். மாமாவைப் பின்னுக்கு இருக்கச் சொல்லுங்கோ.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “ஆறரை. பிந்தினால் நிக்க மாட்டன்.”

அவ்வளவுதான். கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுத குரல் என்றாள் மனிசி. நாளைக்கு நொத்தாரிசுக்கு முன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காரில் யார் யார் ஏறவேண்டும் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள்.

பூரணமக்காவிடம் போனேன். திண்ணைக் குந்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. “அக்கா, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்” என்று தொடங்கினேன். முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை இலையை உருவுவதை அவ நிறுத்தவில்லை.

“எத்தினை எட்டு எண்டாய்?”

“நாலு.”

“நான் வந்த அண்டைக்கே எண்ணினனான், அஞ்சல்லோ வந்தது.”

அப்படியென்றால் அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இத்தனை வருசமும் உங்கள் படலையில் நின்று கேட்டுக் கேட்டு அள்ளியிருக்கிறா.

“உங்களுக்குக் கட்டைக் கால் அக்கா,” என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தா. பிறகு இலைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, “ஆறரைக்கோ? அப்ப நான் இரவைக்கு ஒண்டும் சாப்பிட மாட்டன், சத்தி வரும்” என்று சொல்லி எழும்பி, நல்ல சீலை தேட உள்ளே போனா. மன்னித்தாவோ இல்லையோ என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

அண்ணை, உங்களில் எனக்கு இருந்த அன்பு ஒரு நூலளவும் குறையவில்லை. நாளைக்கு ஒரு மணித்தியாலம் அந்தச் சின்னக் காருக்குள் இருக்கப் போகிறோம். ஒருத்தி உங்கள் மகள், ஒருத்தி நீங்கள் ஏமாற்றின மனிசி. நெல்லியடி கடப்பதற்குள் இருவரில் ஒருவர் உங்களைப் பற்றிக் கேட்கத்தான் போகிறார்கள். என் வள்ளத்தை நீங்கள் காப்பாற்றினதையும் சொல்லுவேன். கதியால் நட்டதையும் சொல்லுவேன். எதையும் ஞாபகமில்லை என்று சொல்லமாட்டேன்.