பனி தள்ளும் பிளேடும் பதினோரு ஆடுகளும்

8 அக்டோபர் 2012, திங்கள்

காலை முழுக்க ஸ்டோர்ஸில் கையுறைகளுக்கு ஜோடி சேர்த்தேன். இடது கை மிச்சம், வலது கை பற்றாக்குறை. நாங்குநேரியிலிருந்து டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்து ஒரகடம் ஃபேக்டரியில் நான் பார்க்கும் உத்தியோகம் இது. கல்யாணத் தரகர் வேலை இதைவிட மரியாதையாக இருக்கும்.

அடுத்த மாதம் டிரெயினிங் முடிகிறது. அதற்குப் பிறகு மெயின்டனன்ஸா, இல்லை ஆயுசு முழுக்க ஸ்டோர்ஸா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஸ்டோர்ஸ் என்றால் நான் செத்தேன். மெயின்டனன்ஸில் இதுவரை ஒரு பெண்கூடக் கிடையாது. "பொம்பளப் புள்ள கிரீஸ்ல கைய வெச்சா நல்லாவா கீது?" என்பார் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் சார். இதுதான் அவரிடம் இருக்கும் ஒரே தொழில்நுட்பக் காரணம்.

மத்தியானம் அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். விஷயம் இது: எங்கள் சேர்மன் கனடாக்காரர். கம்பெனி திறந்தபோது தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிய பழைய குட்டி டிராக்டரை அன்பாக அனுப்பிவைத்தார். எங்கள் புல்தரையை அதுதான் வெட்டுகிறது. கூடவே பனி தள்ளும் பிளேடு ஒன்றும் வந்திருக்கிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி சேர்மன் வருகிறார். "என் பிளேடு எப்படி இருக்கிறது?" என்று ஜி.எம்.முக்கு மெயில் போட்டிருக்கிறார். அப்படி ஒரு பிளேடு இருப்பதே ஜி.எம்.முக்குத் தெரியாது.

தேடினார்கள். கேன்டீன் பின்னால் கிடைத்தது. கேன்டீனில் சமைக்கும் கங்கம்மாக்கா அதன் வளைவுக்குள் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். "நாலு வருசமா இதுலதான் காய வெக்கறேன், இப்ப இன்னாத்துக்குப் புடுங்கிகினு போறீங்க?" என்று ஒரே சண்டை.

மெயின்டனன்ஸ் ஆட்கள் யாரும் தோட்டத்து வண்டியைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்களாம். பாண்டுரங்கன் சார் சொன்னார்: "இன்னா கனகா, மெயின்டனன்ஸ் மெயின்டனன்ஸ்னு உசுர வாங்கிகினு கீறியே. இத அந்த வண்டில மாட்டு. சேர்மன் முன்னாடி ஓடிச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டு உன்ன எடுத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது, அது போதும்.

9 அக்டோபர்

பிளேடைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்குமேல் இன்று எழுத முடியாது.

12 அக்டோபர், வெள்ளி

டிராக்டர் ஓட்டுபவர் திருமலை அண்ணன். மண்ணூர்க்காரர். வீட்டில் பெரிய டிராக்டர் வைத்திருப்பதால் இதை ஒரு வண்டியாகவே மதிக்க மாட்டார். "இதுவா டிராக்டரு? கன்னுக்குட்டி" என்பார்.

பிளேடில் நீளமாக இரண்டு இரும்புக் கைகள் இருக்கின்றன. முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா? படமும் இல்லை, புத்தகமும் இல்லை. பனியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "ஏரு முன்னாடி போவுமா? பரம்பு முன்னாடி போவுமா? எல்லாம் பின்னாடிதாம்மா இஸ்துகினு வரும்."

"ஜேசிபிக்கு முன்னாலதானண்ணே இருக்கு?"

"அது ஜேசிபி. இது டிராக்டரு."

நானும் தலையாட்டினேன். பின்னால் இழுவைக் கொக்கியில் மாட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வால் மாதிரி.

15 அக்டோபர், திங்கள்

மானம் போச்சு.

பனிக்குப் பதிலாக, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் சோதனை. சாப்பாட்டு நேரம். ஷிப்ட் மொத்தமும் தட்டோடு வந்து நின்றது. அண்ணன் கிளப்பினார். வண்டி குவியல் மேல் ஏறியது. பின்னால் வந்த பிளேடு மணலைக் கவ்வி ஆணி அடித்த மாதிரி நின்றது. அண்ணன் விடாமல் ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். முன்சக்கரம் இரண்டும் மெதுவாக மேலே எழும்பின. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆகாயத்தைப் பார்த்து மல்லாந்தார். "ஏய், புடிங்க! ஏய்!"

"பனி தள்ளச் சொன்னா ராக்கெட் வுடறியே கனகா" என்றார் பாண்டுரங்கன் சார். ஒருத்தனுக்குப் புரையேறி, சாம்பார் மூக்கு வழியாக வந்தது.

சிரிங்கல, நல்லா சிரிங்க. ஒருத்தனாவது வந்து ஒரு ஸ்பேனர எடுத்துக் குடுத்தியளா? பல்லக் காட்ட மட்டும் தட்டத் தூக்கிட்டு வந்துட்டிய! அழக்கூடாதுன்னு நெனச்சேன். அழுதுட்டேன். போங்க.

16 அக்டோபர்

ஹாஸ்டல் டிவியில் ஒரு பழைய டூயட். பனிமலை. ஹீரோ கோட்டு சூட்டு, ஹீரோயின் மெல்லிசுச் சேலை. என் ரூம்மேட் அன்னக்கிளி வழக்கம்போல, "ஏட்டி, அந்தப் புள்ளைக்கு ஒரு சுவெட்டர் குடுக்கப்படாதா, வெறைச்சுச் செத்துரும்லா" என்று பதறினாள்.

நான் ஹீரோயினைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தேன். நடுவில் ரோடு சுத்தமாக இருக்கிறது. ஓரத்தில் பனி வரப்பு மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது. அப்படியென்றால் வண்டி ஏறுவதற்கு முன்பே பனி விலகியிருக்க வேண்டும். நாம் மிதித்து நசுக்கிய பிறகு வழிக்க என்ன இருக்கிறது? வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பரம்பு பின்னால் வருகிறதென்றால், அங்கே மிதிபட்டால் பரவாயில்லை. இங்கே மிதிக்கவே கூடாது.

முன்னால்! கொஞ்சம் சாய்வாக! எழுந்து நின்று கத்தியேவிட்டேன். "பாட்டு அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்றாள் அன்னக்கிளி.

17 அக்டோபர்

திருமலை அண்ணன் கோபித்துக்கொண்டார். "அப்ப மண்ணூர்ல ஒருத்தனுக்கும் டிராக்டர் ஓட்டத் தெர்லன்றியா?" இரண்டு டீ, நாலு பஜ்ஜி. சமாதானம்.

வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கும் புல்வெட்டியைக் கழற்றினோம். பிளேடின் கைகள் அந்த இடத்தில்தான் நுழைய வேண்டும். நுழைத்தோம். கையில் இருக்கும் ஓட்டைக்கும் வண்டிச் சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. நாலு விரல் வித்தியாசம். இப்படிப் போட்டாலும் இல்லை, திருப்பிப் போட்டாலும் இல்லை. சேர்மன் வீட்டில் இதை எப்படித்தான் மாட்டினாரோ. பெரிய மனுஷன்.

20 அக்டோபர், சனி

கனத்த தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் கையின் ஓட்டைக்கு ஒன்று, சட்டத்தின் ஓட்டைக்கு ஒன்று என்று நானே அளந்து, நானே துளை போட்டேன். முதல் ஜோடி தப்பு. இரண்டாவது ஜோடி என் கோபத்தில் தப்பு. மூன்றாவதைப் போட்டதும் போல்ட் கேட்காமலே உள்ளே போனது. நெம்புகோலை இழுத்தால் பிளேடு மேலே வருகிறது, விட்டால் இறங்குகிறது. மேலே. கீழே. மேலே. கீழே. அண்ணன் "போதும்மா, அதுக்கு மயக்கம் வந்துரப்போவுது" என்கிற வரைக்கும் செய்தேன்.

23 அக்டோபர், ஆயுத பூஜை

டிராக்டருக்குப் பொட்டு, பிளேடுக்குச் சந்தனப் பட்டை, மாலை. திருமலை அண்ணன் வல்லக்கோட்டை முருகனிடம் வைத்து எடுத்துவந்த நாலு எலுமிச்சம்பழம். முறைப்படி சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, பூசணிக்காய் உடைத்து, வண்டியை எடுத்தார்.

பின்சக்கரப் பழம் இரண்டும் நசுங்கின. முன்சக்கரப் பழம் இரண்டையும் யாரோ பிளேடுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். பிளேடும் கீழே இறங்கியிருந்தது. வண்டி போகிறது, பழமும் போகிறது. வண்டி வேகமாகப் போனால் பழமும் வேகமாக உருளுகிறது. அண்ணன் விடவில்லை. பூசணிக்காய்ச் சில்லு, தேங்காய்ச் சிரட்டை, சூடம், யாரோ கழற்றிப்போட்ட செருப்பு, எல்லாம் சேர்ந்து ஒரு குவியலாகப் போய் ஜி.எம். காலடியில் நின்றது. அவர் பிரசாதம் வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

பிளேடு வேலை செய்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அபசகுனம். அண்ணன் இறங்கிவிட்டார். "எலிமிச்சங்கா நசுங்காத வண்டில நான் ஒக்கார மாட்டேம்மா. எனுக்குப் புள்ளகுட்டி கீது."

நான் ஏறினேன். பழத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, ரிவர்ஸ் எடுத்து நசுக்கினேன். இது செல்லுமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கங்கம்மாக்கா செல்லும் என்று தீர்ப்பு சொன்னாள். ஆனாலும் அண்ணன் ஏறவில்லை. ஐந்தாம் தேதி நான்தான் ஓட்ட வேண்டும்.

31 அக்டோபர், புதன்

நீலம் புயல். லீவு. காற்றில் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து போச்சு. பிளேடுக்குத் தார்ப்பாய் போட்டேனா? போட்டேன். போட்டேனா?

2 நவம்பர், வெள்ளி

போட்டிருந்தேன். ஆனால் அய்யோ, புல்!

புல்வெட்டியைக் கழற்றி இரண்டு வாரத்துக்கு மேல் ஆச்சு. நடுவில் இத்தனை மழை. புல்தரை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. வெட்ட வேண்டுமென்றால் பிளேடைக் கழற்ற வேண்டும். கழற்றி, புல்வெட்டியை மாட்டி, ஈரப்புல்லை வெட்டி, திங்கட்கிழமைக்குள் பிளேடைத் திரும்ப மாட்ட முடியாது. ஜி.எம். மூஞ்சி போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பாண்டுரங்கன் சார், "பிளேடு மாட்டுன்னா காடு வளத்து வெச்சிருக்கியே" என்றார்.

திருமலை அண்ணன் முன்னால் வந்தார். "என் வூட்ல ஆடு கீது சார்."

4 நவம்பர், ஞாயிறு

அண்ணனின் மனைவி சரோஜாக்கா பதினோரு ஆடுகளோடு கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி சட்டப்படி நடப்பவர். உள்ளே வந்து திரும்ப வெளியே போகும் சாமானுக்கு ஒரு சீட்டு உண்டு. அதில் "ஆடு, பதினொன்று, கறுப்பு வெள்ளை கலந்தது" என்று எழுதி முத்திரை குத்தினார். ஆடுகள் உள்ளே போயின. அப்படி ஒரு வேகத்தை எங்கள் லைனில் நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் புல்தரை தலைவாரிய மாதிரி ஆனது. வரவேற்புக்கு வைத்திருந்த பூந்தொட்டி மூன்றும் காலி.

போகும்போது எண்ணினால் பன்னிரண்டு. ஒன்று உள்ளேயே குட்டி போட்டிருக்கிறது.

"பதினொண்ணுக்குத்தான் சீட்டு. மிச்சம் ஒண்ணு உள்ள தயாரானது. உள்ள தயாரானது வெளிய போணும்னா டெலிவரி சலான் வேணும்" என்றார் செக்யூரிட்டி.

"இன்னாய்யா, என் ஆடு பெத்தது உங்க கம்பெனி சரக்கா?" என்று சரோஜாக்கா கத்தியது ரோட்டுக்குக் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட ஆள் இல்லை. குட்டியும் தாயும் செக்யூரிட்டி அறையில் தங்கின.

5 நவம்பர், திங்கள்

சேர்மன் வந்தார். உயரமான கிழவர், சிவந்த மூக்கு. கேட்டில் அவருக்கு முதல் வணக்கம் சொன்னது அந்தக் குட்டிதான்.

பக்கத்துக் காலி மனையிலிருந்து புயல் மழை அடித்துவந்த சேறு ரோட்டின் மேல் கிடந்தது. அதைத் தள்ளிக் காட்டுவதாக ஏற்பாடு. நான் ஏறி உட்கார்ந்தேன். பிளேடை இறக்கினேன். கொஞ்ச தூரம் சேறு ஒதுங்கியது. பிறகு பின்சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. வண்டி நகரவில்லை. சுற்றிலும் டை கட்டிய ஆட்கள், நடுவில் நான், சக்கரம் மட்டும் சுற்றுகிறது. ஸ்டோர்ஸ், ஸ்டோர்ஸ், ஸ்டோர்ஸ் என்று சுற்றுகிறது.

பின்னால் எடை இல்லை! எடைக்கு நான் எங்கே போவேன்? பார்த்தேன். பாண்டுரங்கன் சார் நின்றுகொண்டிருந்தார். நூறு கிலோவுக்குக் குறையாது.

"சார், பின்னால ஏறி நில்லுங்க!"

"நானா?"

"ஏறுங்க சார்ங்கேன்!" அத்தனை பேர் முன்னால் அவரை அதட்டியேவிட்டேன். அவர் கொக்கித் தட்டில் ஏறி, என் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முருகா" என்றார். சக்கரம் தரையைப் பிடித்தது. சேறு மொத்தமும் அழகாக உருண்டு ஓரத்தில் போய் விழுந்தது. டூயட்டில் பார்த்தேனே, அதே வரப்பு!

சேர்மன் கைதட்டவில்லை. வண்டியையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தப் பிளேடு இந்த வண்டிக்கானதே இல்லையாம். எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு குளிர்காலமும் மாட்டிப் பார்த்து, மனைவியிடம் திட்டு வாங்கி, கடைசியில் கையால் மண்வாரி போட்டுத்தான் பனி அள்ளினாராம். வெறுத்துப்போய் இரண்டையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். மெயிலில் கேட்டது கேலி.

"மாட்டியது யார்?" என்றார். "எங்கள் டீம் சார்" என்றார் ஜி.எம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நோ சார். ஐ. ஒன்லி ஐ" என்றேன். இங்கிலீஷ் சரியோ தப்போ, உண்மை.

உடனே அந்த மனுஷன் வண்டியைப் புல்தரை மேல் ஏற்றச் சொல்லி, கோட்டோடு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். நானும் படுத்து என் தகடுகளைக் காட்டினேன். சேர்மன் படுத்திருக்கும்போது நிற்கலாமா? ஜி.எம். படுத்தார். ஹெச்.ஆர். படுத்தார். பாண்டுரங்கன் சார் பெருமூச்சு விட்டுப் படுத்தார். பதினோரு ஆடுகள் ஒரு நாள் முழுக்க மேய்ந்த தரை அது. எழுந்தபோது எல்லோர் முதுகிலும் மிளகு மிளகாக ஒட்டியிருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

6 நவம்பர்

குட்டிக்குச் சலான் கிடைத்துவிட்டது. ஜி.எம். கையெழுத்து.

எனக்கான கையெழுத்து?

15 நவம்பர், வியாழன்

தீபாவளியும் போய்விட்டது. கையெழுத்தைப் பற்றிப் பாண்டுரங்கன் சார் மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போகிறார். சேர்மன் முன்னால் அதட்டினது தப்போ? அவர் ஏறியிருக்காட்டி வண்டி ஓடியிருக்குமா? எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா போனில் கேட்டாள், "இன்னும் தெரியலம்மா" என்றேன். எதிலும் மனசு போகவில்லை.

26 நவம்பர், திங்கள்

டிரெயினிங் முடிந்து முதல் ஷிப்ட். பத்து மணி வாக்கில் பெரிய பிரஸ் ஒன்று நின்றுபோனது. லைனில் ஒரே கூச்சல். "மெயின்டனன்ஸ் எங்கப்பா? மெயின்டனன்ஸக் கூப்புடு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்கே போய்த் தொலைந்தான் என்று நானும் திரும்பித் தேடினேன்.

அப்புறம்தான் உறைத்தது. பாண்டுரங்கன் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.