உள்ளேயே இருக்கட்டும் என்ற தம்பிக்கு

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ரூஃபஸுக்கு,

பெரிய ஆற்றையும் அதன்மேல் இழுவைப் படகில் உழைக்கும் உன் கைகளையும் காக்கிறவர் உறங்குவதில்லை. ஆகையால் நீ சுகமாயிருக்கிறாய் என்றே நம்பி எழுதுகிறேன். இங்கே என் முழங்கால் வலி தன் இடத்தில் இருக்கிறது; நானும் என் இடத்தில் இருக்கிறேன்.

படகேறுமுன் தொலைபேசியில் நீ இட்ட கட்டளையை மறக்கவில்லை. “அக்கா, ஜட்ஜ்கிட்ட சொல்லிடு. நான் கரைக்கு வர்ற வரைக்கும் கியோனா உள்ளேயே இருக்கட்டும். அங்கயாவது நேரத்துக்கு இன்சுலின் போடுறாங்க” என்றாய். பெற்ற மகளைச் சிறார் காப்பகத்தில் வைத்திருங்கள் என்று கேட்கும் தகப்பன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்பதை ஜெபத்தில்தான் உணர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. நீதிபதி ஹாலோவே நம் கியோனாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதே மூத்தவர்போல் தோன்றுகிற பெண். குடும்பத்தார் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். உன் வார்த்தையை அப்படியே சொன்னேன். குறைத்திருந்தால் அது பொய்ச்சாட்சி. கியோனாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் தலை குனிந்ததைப் பார்த்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. “என் தம்பி கேக்குறது ஜெயில் இல்லீங்கம்மா, இன்சுலின். அது வெளியில கிடைச்சா அவன் எதுக்கு மகளை உள்ள வைக்கச் சொல்லப்போறான்?” என்றேன்.

பிறகு, நீ அறிந்த கதையை அவருக்கும் சொன்னேன். சென்ற முறை அவள் விடுதலையான நாளில், சீயோன் சபைப் பெண்களான நாங்கள் காப்பகத்து வாசலில் பாட்டும் கைத்தட்டுமாகக் காத்திருந்தோம். சர்க்கரை நோயுள்ள பிள்ளையை வரவேற்க எர்லீன் ஒரு தட்டு நிறையப் பீச் பழ இனிப்பு சுட்டு வந்திருந்தாள். “ஏண்டி, இது வரவேற்பா, வழியனுப்பா?” என்று அவளை வாரிக்கொண்டிருந்தோம். அதே வேளையில் கியோனா நீதிமன்றத்திலேயே விடுதலையாகி, தோழியின் காரில் வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுடைய இன்சுலினோ காப்பகத்து அலமாரியில் இருந்தது. அவள் உள்ளே போனபோது நின்றுபோன அரசு மருத்துவக் காப்பீட்டை யாரும் திரும்ப உயிர்ப்பிக்கவில்லை. மருந்துக்கடை கையை விரித்தது. யாருக்கும் பாரமாக வேண்டாம் என்று பிள்ளை வாய் திறக்கவில்லை. நினைவிழந்தவளை நீதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். படுக்கையில் கிடந்ததால் நன்னடத்தை அதிகாரியின் முன் அவள் ஆஜராகவில்லை. அதுவே குற்றமாகி மறுபடியும் உள்ளே போனாள்.

அதைக் கேட்ட நீதிபதி, “ஒரு மணி நேரங்கூடத் திரும்ப உள்ள போக வேண்டாமேன்னுதான் பிள்ளைங்களை இங்கிருந்தே அனுப்புறேன். மருந்து அங்கயே தங்கிப்போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே” என்றார். இரக்கமே வழி தவறியிருந்தது, தம்பி. இயேசு சொன்ன கதையில், அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குக் காயம் கட்டியவன் அத்தோடு போய்விடவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ளும்படி சத்திரக்காரனிடம் ஒப்புவித்துவிட்டுத்தான் போனான் என்று நான் தொடங்கினேன். அவர் சிரித்துவிட்டு, “பிரசங்கம் ஞாயித்துக்கிழமை கேக்குறேன்மா. இப்ப அந்தச் சத்திரக்காரர் யாருன்னு சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். ஆற்றங்கரை மருத்துவமனை டாக்டர் பிகமை அங்கேயே தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் கியோனாவுக்கு வெள்ளிக்கிழமையே நேரம் ஒதுக்கினார். காப்பீட்டு அலுவலகத்தோடு நீதிமன்ற எழுத்தர் வாதாடி முடித்தபோது அவருடைய காது சிவந்திருந்தது, காப்பீடு உயிர்பெற்றது. காப்பகத்து நர்ஸ் கோர்லிஸ் மருந்துப் பையோடு தானே காரோட்டி வந்து, அதை என் கையில் அல்ல, கியோனாவின் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் விடுதலை உத்தரவில் கையெழுத்து விழுந்தது. இனி மருந்து சாப்பிடும் எந்தப் பிள்ளையும் பை வராமல் தன் மன்றத்தை விட்டு வெளியே போகாது என்றும் நீதிபதி சொன்னார். அவர் சொன்னதைச் செய்வார். அப்படிப்பட்ட குரலை நான் அறிவேன்.

ஆகவே உன் மகள் உள்ளே இல்லை. என் வீட்டில் இருக்கிறாள். டாக்டரையும் பார்த்து வந்துவிட்டோம். இன்சுலின் அளவைச் சிறிது மாற்றியிருக்கிறார். எர்லீன் நேற்றுக் கீரை கொண்டுவந்தாள். கியோனா ஒரு வாய் வைத்துவிட்டு, “அத்தை, இவங்க கீரையிலயும் சர்க்கரை போட்டிருக்காங்க. என்னை முடிச்சுட்டுத்தான் ஓய்வாங்க போல” என்றாள். எர்லீன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அன்று நீதிமன்றத்திலிருந்து வரும் வழியில் பாலத்தைக் கடந்தபோது அவள், “அப்பா சொன்னது தப்பில்ல அத்தை. உள்ள இருந்தப்ப, ‘ஊசி போட்டாச்சா?’ன்னு ஒருத்தராவது கேட்டாங்க” என்றாள்.

படகு கரை சேரும் நாளில் வேறெங்கும் தங்காமல் நேரே இங்கே வா. அறிவுரை எதுவும் கொண்டுவராதே, காரணமும் கொண்டுவராதே. காலையில் ‘ஊசி போட்டாச்சா?’ என்று அவளைக் கேட்கிறவள் நான். நீ வரும்வரை மாலையிலும் நானே கேட்கிறேன். அதன்பின் மாலை வேளை உன்னுடையது.

ஆழமான தண்ணீர்களில் உன்னோடிருக்கிறவர் உன்னை எங்கள் வாசல்வரை நடத்துவாராக.

உன் அக்கா,
வெர்னெல்