கடைசி ஸ்டேஷன் வரை

2024 நவம்பர் 18

மழை. எங்கள் பாத்திரக்கடையில் கூட்டமில்லை. குக்கர் வாங்க வந்த பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் அப்பாவிடம், "மகேஷ் தம்பியைக் காணோமே?" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சிங்கப்பூர்ல இருக்காம்லா. நல்ல கம்பெனி" என்றார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் தம்பி சித்திரையில் ஒரு காலை வீட்டை விட்டு இறங்கினவன், திரும்பவில்லை. பல வருடமாக மனநோய். மாத்திரை சாப்பிட்டால் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாத்திரம் அடுக்குவான். நிறுத்தினால் யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்பான். போலீசில் சொன்னோம். பேப்பரில் படம் போட மட்டும் அப்பா விடவில்லை. என் மகள் சரண்யாவுக்கு வரன் பார்க்கிறோம். தாய்மாமனுக்குப் புத்தி சரியில்லை என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்பது அப்பாவின் கேள்வி. விடுதியில் தங்கிப் படித்த அவளிடமும், மாமா குணமாகிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றே சொல்லியிருக்கிறோம்.

எனக்கு அந்தப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். சரண்யாவின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் துணிந்து ஏதாவது செய்திருப்பாரோ என்னவோ. அவர் போய்விட்ட பிறகு நானும் சரண்யாவும் அப்பா நிழலில்தான் இருக்கிறோம்.

அப்பாவுக்குத் தெரியாமல் ஊர் ஊராக மனநலக் காப்பகங்களுக்கு மகேஷின் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 27

மகாராஷ்டிராவில் ரத்னகிரி பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து போன். தமிழ் பேசுகிற ஒருவர் இருக்கிறாராம், மகேஷ் வயதுதானாம். சிநேகிதி வீட்டுக் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மங்களூர் வண்டி. அங்கிருந்து கொங்கண் ரயில்.

டிசம்பர் 1

சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். வெளியே வரும்போதெல்லாம் கண் கூசும் பச்சை. வேறு சமயமாக இருந்தால் வாய் பிளந்து பார்த்திருப்பேன்.

அவன் இல்லை. அந்த மனிதர் பேசியது துளு. காப்பகத்துக்காரர்களுக்குத் தெற்கத்தி பாஷை எல்லாம் ஒன்று. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தன்னைக் கூட்டிப்போக வந்தேன் என்று நினைத்துவிட்டார் போல. நான் திரும்பினபோது வாசல் வரைக்கும் வந்தார். அந்த முகத்தை இப்போது எழுதக்கூட முடியவில்லை.

2025 ஜனவரி 20

எழும்பூரில் ஏறி ஜோத்பூர். இந்த முறை ராஜஸ்தானிலிருந்து செய்தி. "மெட்ராஸ், மெட்ராஸ்" என்று சொல்கிறாராம். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "போ. ஆனா யார்ட்டயும் சொல்லாத, கேட்டியா" என்றார். கையில் ஒரு கம்பளி கொடுத்தார். மகேஷுடையது.

ஜனவரி 23

நேற்று ஒரு பகல் முழுக்கக் கருப்பு மண்ணும் பருத்திக் கட்டைகளும். இன்று மண் வெளுத்துவிட்டது. முள்மரம், ஒட்டகம், வறண்டு கிடக்கும் ஓடைகள். ஜோத்பூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் இன்னும் மேற்கே. ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி பல்லில் கடிபடுகிறது. குளிர் வேறு.

இங்கேயும் அவன் இல்லை.

ஆனால் மெட்ராஸ்காரர் இருந்தார். பெயர் வடிவேலு. ஐம்பது இருக்கும். தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நான் தமிழில் வாயைத் திறந்ததுதான் தாமதம், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "யக்கா, நீ மெட்ராஸா? எங்க வூடு மயிலாப்பூராண்ட, ஆத்தோரம். சொர்ணம்னு எம் பொஞ்சாதி. இவனுங்களுக்கு நான் பேசுறது இன்னான்னே புரியல. நீ போய்ச் சொல்லு, நான் உசுரோட கீறேன்னு."

சித்தம் கலங்கி எப்படியோ ரயிலேறி வந்துவிட்டார். இப்போது மாத்திரையில் தெளிந்திருக்கிறார். வீட்டார் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்புவார்களாம். தி.நகரில் சின்ன வயதில் படித்த இந்தி இதற்காவது உதவியது.

கம்பளியை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்த கை வலித்தது.

பிப்ரவரி 1

வடிவேலு சொன்ன ஆற்றோரம் போனேன். வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு குடிசை இல்லை, செங்கல் குவியலும் செடியும்தான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் பீர் முஹம்மது, "எல்லாரையும் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுக்குத் தூக்கினு போய்ட்டாங்கோ. சொர்ணமா? அடையாறுல வூட்டு வேலைக்கு டெய்லி வருது. பஸ் ஸ்டாண்டாண்ட நில்லு, புடிச்சிரலாம்" என்றார்.

பிடித்தேன். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. நெற்றியில் பெரிய பொட்டு. போனில் வடிவேலு படத்தைக் காட்டினேன். பஸ் வந்து போயிற்று. அவள் ஏறவில்லை.

"கீறாரா?" என்றாள் கடைசியில். பிறகு, "இப்ப எப்டி கீறாரு? அடிக்கிறாரா?"

இல்லை என்றேன்.

"பைத்தியம் முத்திச்சின்னா இரும்புக் கம்பிய எடுப்பாரு, யக்கா. போனப்போ அயுதேன். ஆனா அன்னிக்குத்தான் பயமில்லாம தூங்கினேன். இத யாராண்ட போய்ச் சொல்றது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அப்படி ஒரு தூக்கம் வந்தது உண்டு. சித்திரையில். அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

சொர்ணம் போன் செய்தாள். "வரேன். டிக்கெட் போடு."

பிப்ரவரி 18

மறுபடி அதே பாலைவனம், சொர்ணத்தோடு. அரக்கோணம் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. பருத்திக் காட்டைப் பார்த்து, "இவ்ளோ எடத்த வுட்டுட்டு நம்மள ஏன் நாலாவது மாடில கொண்டுபோய் அடைக்கிறானுங்கோ?" என்றாள். கம்பார்ட்மெண்டில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும்.

வடிவேலு அவளைப் பார்த்ததும் கை கூப்பினார். அந்நியரைக் கும்பிடுவது போல. அவள் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"வூட்டாண்ட எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"வூடு இல்ல. இட்சிட்டானுங்கோ."

"அப்ப எங்க போறது?"

"நான் கீற எடத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனாள்.

மார்ச் 9

சரண்யாவுக்கு வரன் அமைந்துவிட்டது. மதுரைப் பக்கத்து ஜவுளிக்கடைக் குடும்பம், பெருங்குடியில் வேலை பார்க்கும் பையன். பெயர் அஸ்வின். வைகாசியில் முகூர்த்தம். அப்பா என்றைக்குமில்லாமல் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமனைக் கேட்டார்கள். சிங்கப்பூர். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 30

பெரும்பாக்கம் போய்ப் பார்த்தேன். வடிவேலு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். ஜன்னலில் நின்று கீழே எட்டிப் பார்த்து, ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். சொர்ணம் கதவைத் தாழ் போடாமல் தூங்குகிறாள். ஓடிப்போக வசதியாக. "போகப் போகச் சரியாவும்" என்றாள். சரியாகாவிட்டால் என்ன செய்வாள், தெரியவில்லை.

ஏப்ரல் 17

ராஜஸ்தான் காப்பகத்துக்காரர் மகேஷ் படத்தை எல்லா மாநிலத்துக்கும் அனுப்பியிருந்தார். அசாமிலிருந்து பதில் வந்திருக்கிறது. சில்காட் என்று ஒரு ஊர், பிரம்மபுத்திரா கரையில். போன வருடம் அங்கே ஒருவன் காய்ச்சலில் இறந்தானாம். பெயர் தெரியாது. போலீஸ் எடுத்த படம் வந்தது.

தாடி. கண் மூடியிருக்கிறது. நெற்றியில் அந்தத் தழும்பு. சின்ன வயதில் கடைப் படியில் விழுந்தது.

அவன்தான். இல்லை, தாடி வைத்தால் எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்பார்கள். தழும்பு யாருக்கும் இருக்கும்.

அவன்தான்டி. அவன்தான்.

ஏப்ரல் 18

அப்பா படத்தைப் பார்க்க மாட்டேன் என்றார். "அது அவன் இல்ல" என்றார், பார்க்காமலே.

சொர்ணத்துக்குச் சொன்னேன். புருஷனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாளாம். "எனுக்கோசரம் நீ வந்தல்ல?" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24

தாம்பரத்தில் ஏறினோம். டிக்கெட் எடுக்கும்போதுதான் உறைத்தது: இந்த வண்டி தாம்பரத்தில் புறப்பட்டுச் சில்காட்டில் நிற்கிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. துரத்துகிறார்கள் என்று பயந்தவன், நின்ற வண்டியில் ஏறி, அது போகிற வரைக்கும் போயிருக்கிறான். நான் கொங்கணத்திலும் பாலைவனத்திலும் தேடியபோதெல்லாம் அவன் இல்லவே இல்லை.

ஏப்ரல் 26

கோதாவரி, ஒரிசாவின் செம்மண், வங்காளத்தில் குளத்துக்குக் குளம் வாத்துகள். சொர்ணம் ஒவ்வொன்றையும் காட்டுகிறாள். எனக்கு ஒன்றுதான் ஓடுகிறது. இத்தனை ஸ்டேஷனில் ஒன்றில்கூடவா இறங்கத் தோன்றவில்லை? என்ன சாப்பிட்டான்? யாராவது அதட்டினார்களா?

ஏப்ரல் 28

சில்காட். சின்ன ஸ்டேஷன். மூங்கில், தேயிலை, பிறகு ஆறு. கடல் என்றே நினைத்தேன்.

போலீஸ்காரர் மரியாதையாகப் பேசினார். அவனுடைய சட்டைத் துண்டைக் காட்டினார். எங்கள் தெருத் தையற்காரரின் முத்திரை காலரில் இருக்கிறது. இனி "இல்லை" என்று சொல்ல வழியில்லை.

ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சகினா என்ற அம்மாள்தான் அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் அவள் மகன்தானாம். என் உடைந்த இந்தியும் அவளுடைய உடைந்த இந்தியுமாகப் பேசினோம். அவன் பேச்சு ஒன்றும் அவளுக்குப் புரியாது. ஆனால் சாயங்காலமானால் ஒரே கேள்வியைக் கேட்பானாம். அவள் அதைச் சொல்லிக் காட்டினாள். அர்த்தம் தெரியாமல், ஓசையை மட்டும்.

"கடே சாத்தியாச்சா?"

சொர்ணம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்பார் இல்லாததால் ஆற்றோரம் புதைத்திருக்கிறார்கள். எங்கே என்று கேட்டேன். போலீஸ்காரர் தண்ணீரைக் காட்டினார். போன வருட வெள்ளத்தில் அந்தக் கரையே போய்விட்டது.

வைக்கக் கொண்டுபோன மாலையை எங்கே வைப்பது? சொர்ணம் வாங்கித் தண்ணீரில் விட்டாள். "போய் சேரு நைனா" என்றாள், ஒரு முறைகூடப் பார்த்திராத என் தம்பியிடம்.

மே 3

அப்பாவிடம் சொன்னேன். சட்டைத் துண்டு பற்றியும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் முடியட்டும்மா. இப்பம் தீட்டுன்னு சொன்னா எல்லாம் நின்னுரும். பிள்ளைட்ட சொல்லிராத."

என்ன மனுஷர் இவர்? நான் என்ன மனுஷி? சரி என்றேன்.

ஜூன் 6

கல்யாணம் முடிந்தது. தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பியை நிறுத்தினோம். பட்டுப்புடவை கட்டினேன். எல்லாப் படத்திலும் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 22

சரண்யாவிடம் சொல்லிவிட்டேன். மறுவீட்டுக்கு வந்தவள், மாமா போன் நம்பர் கொடும்மா என்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "தாத்தா மறைச்சது புரியுது. நீ எப்படிம்மா சிரிச்ச?"

சாப்பிடாமல் போய்விட்டாள்.

ஜூலை 11

சரண்யா போன் எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "கொஞ்ச நாள் விடுங்க அத்தை" என்கிறார்.

ஜூலை 29

அப்பா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்று சாப்பிடும்போது கேட்டார். "கடைசில அவன் என்ன பேசினான்? அங்க யாருக்கும் தெரியலையா?"

சொன்னேன்.

கையை அலம்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்துவிட்டது. பிறகு, "எனக்கும் ஒரு டிக்கெட் போடு" என்றார்.

ஆகஸ்ட் 20

ரயிலில். அப்பா ஜன்னலோரம்.

எதிர் சீட்டில் ஷீலா என்று ஒரு பெண், சாந்தோம்காரி. புருஷன் ராணுவத்தில், குவஹாத்தியில். நேற்றிலிருந்து அப்பாவுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுக்கிறாள். இன்று கேட்டாள், "அசாம்ல யார் தாத்தா இருக்காங்க?"

நான் பதிலுக்கு வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம் மவன். பேரு மகேஷ். மனசு சரியில்லாதவன்மா. வீட்டை விட்டுப் போயிட்டான். நான் ஊரைக் கூட்டித் தேடல. அங்கயே இறந்துட்டான். ஆத்தோரம் புதைச்சாங்க, ஆறு கொண்டுபோயிட்டு. அந்த ஆத்தைப் பாக்கப் போறேன்."

பக்கத்து சீட்டுக்காரர்களும் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார். ஷீலா பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தாள். அப்பா அதை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

வங்காளம். வயலும் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கின்றன. நடுவில் ஒரு ஆள் வாழைக்கட்டைத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான். அப்பா கழுத்தைத் திருப்பி, அவன் மறைகிற வரை பார்த்தார்.

"இதையெல்லாம் அவன் பாத்திருப்பானா?"

"ஜன்னலோரம் இடம் கிடைச்சிருந்தா பாத்திருப்பான்ப்பா" என்றேன்.