ஜிம்மியின் உண்ணிகள்

1981 செப்டம்பர் 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலை மேல் மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை. மாலை டூட்டி என்பதால் காலை முழுக்க ஜிம்மிக்கு. காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் எங்கே பார்த்தாலும் உண்ணி. போன வாரம்தான் துளி விடாமல் பொறுக்கினோம். எங்கிருந்துதான் வந்து தொலைகிறதோ சனியன்கள்.

வசந்தா தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் எடுத்தேன். ஒரே வீடு, இரண்டு போர்ஷன், நடுவில் சுவர், பின்னால் பொதுத் தோட்டம். நான்கு வருஷமாக அவள் எனக்குக் கூடப்பிறக்காத தங்கை. அவள் மட்டும் இல்லையென்றால் இந்த மாதத்தை ஓட்டியிருக்க மாட்டேன்.

"தெருநாய்ங்க கிட்ட போயிட்டு வருதுக்கா, அதான்" என்கிறாள்.

"எங்க போவுது? கேட்டைத் தாண்டினதே இல்லையே."

"நீங்க டெலிபோன் ஆபீஸ் போனப்புறம் யாரு கண்டா?"

அதுவும் சரிதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஓனர் போன ஞாயிறு வேலூரிலிருந்து வந்து கத்திவிட்டுப் போனது இன்னும் காதில். மாசக் கடைசிக்குள் நாயை எங்காவது விட்டுவிட வேண்டுமாம், இல்லையென்றால் காலி பண்ண வேண்டுமாம். வேலூரில் இருக்கிற மனுஷனுக்கு இங்கே உண்ணி இருப்பது எப்படித் தெரியும்? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமி வேலையாக இருக்கும்.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, தலைவலி மாத்திரை (எனக்கு).

செப். 15, செவ்வாய்

மாட்டாஸ்பத்திரி. ஒரே கூட்டம். பசுவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் பக்கத்து ஆளிடம்: "நாய்க்கு டாக்டராம்யா. நம்ம வூட்ல ஆளுக்கே பாக்கறதில்ல."

டாக்டர் சொன்னவை, மறக்காமல் இருக்க:
உண்ணியை நகத்தால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிய பாட்டிலில் போட வேண்டும்.
மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினால் காயும்வரை நக்க விடக் கூடாது.
சுவர் வெடிப்பெல்லாம் சுண்ணாம்பு வைத்து அடைக்க. முட்டை அங்கேதான்.
புல்லை ஒட்ட வெட்டி, சருகைக் கொளுத்த.
நெல்லுக்குப் போடும் பவுடர் கூடவே கூடாது. (கடைக்காரர் அதைத்தான் கொடுக்கப் பார்த்தார். பாவி. நக்கினால் செத்துப்போகுமாம்.)

"நாய் மேல இருக்கறது கம்மிங்க. தோட்டத்துல இருக்கறதுதான் ஜாஸ்தி. நாயை மட்டும் கழுவி என்ன பிரயோஜனம்? பின்னாடி ஆடு மாடு கட்டறீங்களா? வேற நாய்ங்க வந்து படுக்குதா?"

"இல்லவே இல்லீங்க டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன்.

செப். 17, வியாழன்

புல் வெட்டியாயிற்று. இடுப்பு போயிற்று. மல்லிச் செடி இந்த வருஷம் கொள்ளைப் பூ. "ஒரு கூடை எரு வாங்கிப் போட்டேன்க்கா" என்றாள் வசந்தா. சுண்ணாம்பும் அவளே குழைத்துக் கொடுத்தாள்.

ஜிம்மி சாப்பிடவில்லை. பிஸ்கட்டைக் கூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உடம்பு கொதிக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளை வெளேரென்று. பயமாக இருக்கிறது.

செப். 18, வெள்ளி

உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். ஊசி. பிழைக்குமா என்று கேட்டதற்கு "பாக்கலாம்" என்றார். செவ்வாய் மாலை மறுபடி கொண்டுவரச் சொன்னார். அன்று எனக்கு மாலை டூட்டி. ஆபீஸில் மேரியிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் என் மடியில் தலை. கனமே இல்லை. அழுதேன். அழுதால் என்ன, என் நாய்.

செப். 20, ஞாயிறு

கோபத்தில் எழுத்துக் கோணல்.

காலை நன்றாகத்தான் இருந்தது. ஜிம்மி அரை டம்ளர் கஞ்சி குடித்தது. வசந்தா குழந்தையோடு கோயிலுக்குப் போயிருந்தாள். கேட்டருகே ஒரு ஆள், தோளில் கம்பளி, கையில் தொரட்டி.

"பக்கத்தூட்டு அம்மா இல்லீங்களா? இந்த வாட்டியும் கிடை போடலாமான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"கிடையா? இங்கயா?"

"ஆடியில போட்டமேங்க. ரெண்டு மூணு ராத்திரி. நம்ம ஆடுங்க மொத்தமும் இங்கதான் படுத்துச்சி. எருவுக்குன்னு அந்தம்மாதான் கூப்டாங்க. நீங்க ஊர்ல இல்லைன்னாங்க."

ஆடியில் நான் ஆரணியில். தங்கை பிரசவம். சாவியையும் ஜிம்மியையும் வசந்தா கையில்தான் கொடுத்துவிட்டுப் போனேன். அறுவடை முடிந்த கொல்லையில் கிடை போடுவார்கள், தெரியும். வீட்டுத் தோட்டத்தில், ஒரு நாய் படுத்துப் புரளும் இடத்தில் யாராவது போடுவார்களா?

"உங்க நாய்ங்களும் வந்துதா?"

"நாய் இல்லாம கிடை ஏதுங்க? ரெண்டு இருக்குது. உங்க நாய் கூடத்தான் படுத்துக்கினு இருந்திச்சி. ஒரு சண்டை இல்ல."

அவர் மேல் என்ன தப்பு. கூப்பிட்டார்கள், வந்தார். வேண்டாம் என்று அனுப்பினேன்.

அடிப்பாவி. தினம் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பொறுக்கினாளே. தெருநாய் என்றாளே. டாக்டரிடம் நான் அடித்துச் சொன்னேனே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தோட்டத்தைச் சுத்தம் பண்ணியிருப்பேன், ஜிம்மி படுத்த படுக்கையாகி இருக்காது.

வந்ததும் கேட்டேன். முகம் செத்துப்போயிற்று. பிறகு ஒரே அழுகை. "செடி எல்லாம் காஞ்சி போச்சேன்னு பண்ணிட்டேன்க்கா. சொன்னா என்கூட பேசமாட்டீங்கன்னு பயம்." ஓனருக்குத் தானே போன் போட்டு, நாய் மேல் தப்பில்லை, கிடையால் வந்தது என்று சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். குழந்தை தலையில் கை வைக்கப் போனாள், நான்தான் தடுத்தேன்.

கோபம் போகவில்லை. ஆனால் அவள் கண்ணை என் முந்தானையால்தான் துடைத்தேன்.

செப். 22, செவ்வாய்

மேரி டூட்டியை நான், என்னுடையதை அவள். காலை ஆபீஸ். வசந்தாவிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று இல்லை, மறந்துவிட்டது.

போர்டில் நான்தான். வேலூருக்கு ஒரு டிரங்க் கால். கால் கேட்டது வசந்தா புருஷனின் பாத்திரக் கடை நம்பரிலிருந்து. ஓனருக்குத்தான் போடுகிறாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று மனசு குளிர்ந்தது. இணைத்தேன். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு விலக வேண்டும். அதுதான் முறை. விலகவில்லை.

"சார், நான் பேசினேன்னு தெரிய வேணாம். நாய்க்கு இப்ப நோய் வேற வந்துடுச்சி. கொழந்தை இருக்கற வீடு. அந்தம்மா நாயை விடவே மாட்டாங்க சார்."

"போன தடவை நீ சொன்னப்பவே கண்டிஷனா சொல்லிட்டனேம்மா."

"அவங்க காலி பண்ணா அந்த போர்ஷனை என் தம்பிக்கு விடுங்க சார். அவனுக்குக் கல்யாணம் வருது."

எதிர்வீட்டு மாமியை எத்தனை நாள் திட்டினேன்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. கேட்டே ஆக வேண்டும். என் ஆபீஸ் குரலில் கேட்டேன்: "டைம் ஆச்சு. எக்ஸ்டென்ட் பண்ணணுங்களா?"

"வேணாங்க, பேசியாச்சு. தேங்க்ஸ்ங்க" என்றாள். எனக்கு.

பாத்ரூமில் போய் நின்றேன். சூப்பர்வைசர் கதவைத் தட்டும்வரை.

மாலை ஜிம்மிக்கு இரண்டாவது ஊசி. காய்ச்சல் இறங்கியிருக்கிறது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தைக் கூட முழுசாகப் பட முடியவில்லை.

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். "அக்கா, ஓனர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு."

லைனில் கேட்டதை வெளியே பேசினால் வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும், நானேதான் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். "சரி" என்றேன்.

செப். 24, வியாழன்

நேற்று ராத்திரி நல்ல மழை. வேங்கிக்காலில் வீடு பார்த்தாயிற்று. புது வீடு, சின்னது, பின்னால் சிமென்ட் தரை, ஒரு செடி கிடையாது. ஓனர் ரிட்டையர்டு தாசில்தார். நாய் உண்டு, உண்ணிக் காய்ச்சல் வந்து இப்போதுதான் எழுந்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி.

வசந்தாவிடம் ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னேன். "எங்களை விட்டுட்டுப் போறீங்களேக்கா" என்று கண் கலங்கினாள். நிஜமாகவே கலங்கினாள், அதுதான் தாங்கவில்லை.

ஜிம்மி இரண்டு இட்லி சாப்பிட்டது!

மாலை உண்ணி எடுக்க உட்கார்ந்தேன். வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். ஒற்றை ஆளால் முடியவில்லை. தலையைப் பிடித்தால் கால் உதறுகிறது, காலைப் பிடித்தால் தலையைத் திருப்பி உறுமுகிறது. இடது காதுக்குள் பெரியதாக ஒன்று, ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கிறது. நான் கத்த, அது கத்த.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல். "ஜிம்மி, ஆடாதடா. படு. அக்கா எடுக்கட்டும்."

படுத்துவிட்டது. காதைக் காட்டிக்கொண்டு, அசையாமல்.

எடுத்தேன்.